சிவப்பழகு விளம்பரங்களும் அவற்றுக்கு எழுந்த எதிர்ப்பும்

சிவப்பழகு கிரீமுக்கு இந்தியாவில் முதல் சோதனைக்களமாக இருந்தது தெற்கு. தோலில் நிறமி சேர்வதைக் குறைக்கும் நியாசினமைடு என்ற வேதிப்பொருளைக் கொண்டு 1971இல் காப்புரிமை பெற்ற இந்துஸ்தான் லீவர் நிறுவனம், அந்தக் கிரீமை 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரில் 1975இல் தென் மாநிலங்களில் விற்றுப் பார்த்தது. 1978க்குள் நாடு முழுவதும் கடைகளில் அது கிடைத்தது. மாநிறமும் கறுப்பும் மிகுந்த பகுதியில் வெளுப்பை விற்றுப் பார்த்த கணக்கு விளங்காததல்ல. அதே 1975இல், ஆகஸ்ட் 15 அன்று, சென்னைத் தொலைக்காட்சி நிலையமும் ஒளிபரப்பைத் தொடங்கியது. தூர்தர்ஷனில் வர்த்தக விளம்பரங்கள் 1976 ஜனவரி 1 முதல் இடம்பெற்றன. கிரீமும் அதைக் காட்டும் பெட்டியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தன.

நிற ஆசையை அந்த விளம்பரங்கள் புதிதாக உண்டாக்கவில்லை. வெயிலில் வயல்வேலை செய்பவர் கறுப்பு, நிழலில் இருப்பவர் சிவப்பு என்ற பார்வை சாதியோடும் உழைப்போடும் ஒட்டியே வந்தது. குழந்தை பிறந்ததும் நிறம் கேட்பது, பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைப் பற்றித் தணிந்த குரலில் பேசிக்கொள்வது, மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று போடுவது எல்லாம் கிரீமுக்கு முந்தியவை. கஸ்தூரி மஞ்சளும் கடலைமாவும் பாலாடையும் அம்மா பாட்டி காலத்துப் பழக்கம்.

காலனி ஆட்சி இதன்மேல் இன்னொரு அடுக்கை ஏற்றியது. 19ஆம் நூற்றாண்டில் சென்னையை அடுத்த பூந்தமல்லி, கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியச் சிப்பாய்களைத் தங்கவைக்கும் ராணுவ டெப்போவாக இருந்தது. வெள்ளைத் தோல் அதிகாரத்தின் அடையாளம் என்பதை அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு எந்த விளம்பரமும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதே காலத்தில் லண்டன் அதை அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தது. 1880களில் வெளிவந்த பியர்ஸ் சோப்பு விளம்பரம் ஒன்றில் ஒரு வெள்ளைக் குழந்தை ஒரு கறுப்புக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறது. தொட்டியிலிருந்து எழும்போது அந்தக் குழந்தையின் உடம்பு வெளுத்திருக்கிறது, முகம் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. 1899இல் அதே நிறுவனம், உலகின் 'இருண்ட மூலைகளுக்கு' நாகரிகம் கொண்டுசெல்லும் பொருளாகத் தன் சோப்பை முன்னிறுத்தியது. இந்தப் படங்கள் இன்று இனவெறி விளம்பரங்களின் வரலாற்றில் தவறாமல் காட்டப்படுகின்றன. வெளிவந்த காலத்தில் அவற்றை ரசித்தவர்களே அதிகம். 1917இல் பியர்ஸ், லீவர் சகோதரர்கள் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஃபேர் அண்ட் லவ்லியைப் பின்னாளில் தயாரித்ததும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இந்திய நிறுவனமே. இரண்டு விளம்பரங்களையும் ஒரே கை வரைந்ததாகச் சொல்லிவிட முடியாது. 'கழுவினால், பூசினால் மேலே போகலாம்' என்ற வாக்கு மட்டும் இரண்டுக்கும் பொது.

1990களில் சந்தை பெருத்தது. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது, கேபிள் கம்பி தெருத்தெருவாகப் போனது. சென்னையின் மேற்குப் புறநகரம் அப்போது சம்பளம் வாங்கும் பெண்கள் பெருகிவந்த இடம். 1960களில் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரப் பட்டறைகளோடு ஏற்றுமதி ஆடைத் தொழிற்கூடங்களும் சேர்ந்துகொண்டன. ஊர்வழக்கில் 'எக்ஸ்போர்ட் கம்பெனி'. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் ஏராளமான பெண்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். கையில் சொந்தக் காசு உள்ள இளம்பெண்தான் கிரீம் நிறுவனங்கள் தேடிய வாடிக்கையாளர். டியூப் வாங்க முடியாதவருக்குப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கிய சின்ன பாக்கெட் இருந்தது. பாக்கெட் வியாபாரத்தில் கைதேர்ந்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்களே. கடலூரில் சிக் ஷாம்பூவை பாக்கெட்டில் விற்று வளர்ந்த சி.கே. ரங்கநாதனின் கெவின்கேர், 1998இல் குங்குமப்பூவும் பாலும் சேர்ந்தது என்று சொல்லி 'ஃபேரெவர்' கிரீமை இறக்கியது. லீவருக்குச் சென்னையிலிருந்தே ஒரு போட்டி கிளம்பியது. ஒருவரைவிட மற்றவர் விரைவாகச் சிவக்கவைப்பதாகச் சொல்லும் பந்தயத்தில் விளம்பரங்களின் கூச்சம் மேலும் குறைந்தது.

அந்த விளம்பரக் கதைகளின் அச்சு ஒன்றுதான். கறுத்த பெண் ஒதுக்கப்படுகிறாள், கிரீம் வருகிறது, சில வாரங்களில் மாப்பிள்ளை கிடைக்கிறார். பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியபின் மாப்பிள்ளையின் இடத்தில் வேலை வந்தது. இதில் பெயர்பெற்றது ஃபேர் அண்ட் லவ்லியின் விமானப் பணிப்பெண் விளம்பரம். வருமானம் போதாத தகப்பன், தனக்கு ஒரு மகன் இல்லையே என்று புலம்புகிறார். அது மகளின் காதில் விழுகிறது. அவள் கிரீம் பூசி, நிறம் மாறி, விமானப் பணிப்பெண் ஆகிறாள். தகப்பன் முகம் மலர்கிறது. பெண்ணின் முன்னேற்றத்தைப் பேசுவதுபோல் நடித்துக்கொண்டே அவளுடைய படிப்பையும் திறமையையும் கணக்கிலிருந்து அழித்துவிட்ட கதை இது. இந்த வகையில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான விளம்பரம் இந்தியாவில் வந்ததில்லை என்று சொல்லலாம்.

அமைப்பாகத் திரண்ட முதல் பெரிய எதிர்ப்பு இந்த விளம்பரத்தை ஒட்டியே எழுந்தது. 1981இல் சென்னையில் கூடிய மாநாட்டில் பிறந்த அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002இல் இதைக் கையிலெடுத்தது. பிருந்தா காரத் அப்போது சங்கத்தின் பொதுச்செயலாளர். விளம்பரங்கள் இனவெறி கொண்டவை, ஆண்பிள்ளை ஆசையை வளர்ப்பவை, வேலைக்குப் போகும் பெண்களை இழிவுசெய்பவை என்று சங்கம் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தது. நிறுவனத்திடம் முறையிட்டுப் பயன் இல்லாமல் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனது, ஆணையம் அதைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்பியது. இனம், சாதி, நிறம், மதம், தேசிய இனம் ஆகியவற்றை ஏளனம் செய்யும் விளம்பரம் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. அதுவரை நிறம் என்ற அந்தச் சொல்லை யாரும் கிரீம் விளம்பரத்தோடு சேர்த்துப் படிக்கவில்லை. 2003 தொடக்கத்தில் அந்தக் கிரீமின் இரண்டு விளம்பரங்கள் திரையிலிருந்து இறங்கின. அடுத்து மார்ச் மாதத்திலேயே, பெண்களின் கல்விக்கும் தொழிலுக்கும் உதவ 'ஃபேர் அண்ட் லவ்லி அறக்கட்டளை'யை நிறுவனம் தொடங்கியது. கிரீமின் விற்பனை குறையவில்லை.

தமிழ்நாட்டில் இனமும் நிறமும் அரை நூற்றாண்டுக்கு மேலாக மேடைப்பேச்சாக இருந்தவை. பெரியாரின் தொண்டர்கள் கறுப்புச் சட்டை போட்டார்கள். கறுப்பு நிறத் தலைவர்களைக் கறுப்பு என்றே பெருமையாக அழைத்த அரசியல் இது. ஆனாலும் சிவப்பழகு விளம்பரத்துக்கு எதிராக முன்னின்றவை மாதர் அமைப்புகளும் தனி முயற்சிகளுமே, பெரிய கட்சிகள் அல்ல. நிறத்தைக் கட்சிக்கொடியில் ஏற்றுவது எளிது, பெண் பார்க்கும் கூடத்தில் ஏற்றுவது கடினம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தென்படவில்லை. தமிழ்த் திரைப்படங்களும் நாயகன் கறுப்பாக இருந்தால் கொண்டாடிவிட்டு, நாயகியை வடக்கிலிருந்து வரவழைத்தன. நகைக்கடை, துணிக்கடை விளம்பரங்களும் அதே வழியில் போயின.

2009இல் சென்னையில் கவிதா இம்மானுவேல் நடத்திய 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பள்ளி, கல்லூரிகளில் பயிலரங்குகள் நடத்தி மெதுவாக வளர்ந்த இந்த முயற்சிக்கு 2013இல் நடிகை நந்திதா தாஸ் முகமானபோது நாடு முழுதும் கவனம் கிடைத்தது. ஆண்களுக்கான 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' கிரீமுக்கு ஷாருக் கான் நடித்த விளம்பரத்தைக் கைவிடக் கோரி அந்த ஆண்டு ஒரு மனுவும் இயங்கியது. எதிர்ப்பு இரண்டு வகையில் மாறியிருந்தது. புகார் அமைச்சகத்துக்குப் போகாமல் நேரே நிறுவனத்துக்கும் நடிகருக்கும் போனது. கறுத்தவர்கள் தங்கள் சொந்த அனுபவத்தைத் தங்கள் பெயரிலேயே பேசத் தொடங்கினார்கள். 2014 ஆகஸ்டில் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு இந்தப் பொருள்களுக்கென்றே நெறிமுறை வெளியிட்டது. கறுத்தவரைச் சோகமானவராகவோ தோற்றவராகவோ காட்டக்கூடாது, நிறத்தைச் சாதி, சமூகம், தொழில், பொருளாதார நிலை எதனோடும் முடிச்சுப் போடக்கூடாது என்பது அதன் சாரம். விளம்பரத் துறை தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி என்பதால் அதன் பல்லும் அந்த அளவுக்கே.

இனப் படிமம் (ஓர் இனத்தவரை ஒரே வார்ப்பில் காட்டுவது) என்ற சொல்லுக்கு நேராகப் பொருந்தும் வழக்கு அடுத்த ஆண்டு வந்தது. திருச்சூரில் தொடங்கித் தமிழ்நாட்டிலும் பல கடைகள் கொண்ட கல்யாண் ஜுவல்லர்ஸ், 2015 ஏப்ரலில் ஓர் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. நகைகள் பூட்டி, சாய்ந்து அமர்ந்திருக்கும் ஐஸ்வர்யா ராய். அவர் தலைக்கு மேல் பெரிய குடை. அந்தக் குடையைப் பிடித்து நிற்பது எலும்பு தெரியும் ஒரு கறுத்த சிறுவன். குழந்தை உரிமைச் செயற்பாட்டாளர்கள் சேர்ந்து ஐஸ்வர்யாவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். மகசேசே விருது பெற்ற சாந்தா சின்ஹா, ஹர்ஷ் மந்தர், ஃபரா நக்வி ஆகியோர் கையெழுத்திட்டவர்களில் சிலர். 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சீமாட்டிகள் தங்கள் வெண்மை எடுத்துத் தெரியவேண்டும் என்று கறுப்பு அடிமைச் சிறுவர்களைப் பக்கத்தில் நிறுத்தி ஓவியம் வரையச் சொன்ன வழக்கத்தை அந்த மடல் நினைவூட்டியது. விளம்பரத்தின் வார்ப்பு அங்கிருந்தே வந்திருக்கிறது என்பது வாதம்.

நடிகையின் தரப்பு, தான் எடுத்துக்கொண்ட படத்தில் சிறுவன் இல்லை, இறுதி வடிவம் நிறுவனத்தின் படைப்புக் குழு முடிவு செய்தது என்று பதில் தந்தது. படம் பிடித்தபின் சிறுவனைத் தனியே சேர்த்திருக்கிறார்கள் என்றாகிறது. குடை பிடிக்க ஒருவர் வேண்டும் என்று ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து யோசித்து, அவர் கறுத்தவராக, சிறியவராக, மெலிந்தவராக இருக்கட்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அரச கம்பீரத்தையும் காலம் கடந்த அழகையும் காட்டுவதே நோக்கம் என்று விளக்கிய நிறுவனம், யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாகக் கூறி விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. கிரீம் விவகாரத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது இங்கே சில நாள்களில் முடிந்தது. காரணம் உண்டு. கிரீம் விளம்பரத்தை நீக்கினால் கிரீமே கேள்விக்குள்ளாகும். நகைக்கடைக்கோ அந்தப் படத்தை விட்டுக்கொடுப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

எல்லா எதிர்வினையும் கறுத்தவர் பக்கம் நின்றதில்லை. சென்னையின் பாடியிலும் கடை கொண்ட சரவணா ஸ்டோர்ஸ் குடும்ப நிறுவனங்களில் ஒன்றின் உரிமையாளர் அருள் சரவணன், 2017 வாக்கில் ஹன்சிகா, தமன்னா ஆகியோரோடு தன் கடை விளம்பரத்தில் தானே ஆடினார். சமூக ஊடகத்தில் கேலி பொழிந்தது. கேலியில் பெரும்பகுதி விளம்பரத்தின் ஆடம்பரத்தை விட்டுவிட்டு அவருடைய தோற்றத்தைக் குறிவைத்தது. நாயகிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் தகுதி யாருக்கு உண்டு என்ற தீர்ப்பு அதில் ஒளிந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டி அவருக்காகப் பேசியவர்களும் இருந்தார்கள்.

2016இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவியர் மூவர் கிரீமின் பெயரைத் திருப்பிப்போட்டு 'அன்ஃபேர் அண்ட் லவ்லி' என்ற படத்தொடரை உருவாக்கினர். படங்களில் இருந்தவர்கள் தெற்காசிய வம்சாவளிச் சகோதரிகள். 2019இல் நடிகை சாய் பல்லவி 2 கோடி ரூபாய் கிரீம் விளம்பரத்தை மறுத்த செய்தி தமிழ், தெலுங்கு, மலையாள ரசிகர்களிடம் பெரிதாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டின் திருப்பம் வெளியிலிருந்து வந்தது. 2020 மே 25இல் மினியாபொலிசில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டு காவலர் ஒருவரால் கொல்லப்பட்டபின் உலக நிறுவனங்கள் இனவெறிக்கு எதிராக அறிக்கை விட்டன. அமெரிக்காவில் அறிக்கை விட்டுவிட்டு ஆசியாவில் வெளுப்பு விற்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் வெளுப்புப் பொருள்களை நிறுத்தியது. ஷாதி.காம் வரன் தேடும் பக்கத்தில் நிறம் பார்த்துச் சலிக்கும் வசதியை நீக்கியது. ஜூன் 25 அன்று இந்துஸ்தான் யூனிலீவர் (பழைய இந்துஸ்தான் லீவர்) 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிடுவதாக அறிவித்து, ஒரு வாரத்தில் 'க்ளோ அண்ட் லவ்லி' என்ற பெயரைச் சொன்னது. 45 ஆண்டுகளாகச் சந்தையில் இருந்த பெயர் போனது, கிரீம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதே 2020 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டத்துக்குத் திருத்த வரைவு வெளியிட்டது. சிவப்பாக்குவதாகச் சொல்லும் விளம்பரமும் அதன் தடைப்பட்டியலில் இருந்தது. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும், மீண்டும் செய்தால் 5 ஆண்டும் 50 லட்சமும் என்று வரைவு முன்மொழிந்தது. பெயர் மாற்றம் வழக்கிலும் போய் நின்றது. ஆண்கள் கிரீமுக்கான 'க்ளோ அண்ட் ஹேண்ட்சம்' என்ற புதுப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று இந்துஸ்தான் யூனிலீவரும், 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' கிரீமைத் தயாரித்த இமாமியும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் உயர் நீதிமன்றங்களில் மோதின. 2025 தொடக்கத்தில் இமாமியும் தன் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' பெயரை 'ஸ்மார்ட் அண்ட் ஹேண்ட்சம்' என்று மாற்றிக்கொண்டது.