டொக் வாங்கத்தான் வேண்டுமா?

லெப்டொப்பை மேசைக் கணினியாகப் பாவிக்க டொக் கட்டாயமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பதில் அதன் வரலாற்றில் இருக்கிறது.

1992 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் பவர்புக் டுவோவை வெளியிட்டது. எடை ஏறத்தாழ 2 கிலோ. மூடியபடியே, டெக்கில் வீடியோ கசட் போடுவதுபோல், டுவோ டொக் என்ற பெட்டிக்குள் தள்ளினால் பெரிய திரையும் கீபோர்டும் இணைந்துவிடும். ஆனால் அந்தப் பெட்டி வேறு லெப்டொப்புக்குப் பொருந்தாது. 1997இல் டுவோ நின்றது. பெட்டியின் காலமும் முடிந்தது.

2014இல் யூஎஸ்பி-சி வந்தது. மின்சாரம், படம், தரவு எல்லாம் ஒரே வயரில்.

அடம்பனில் வீட்டிலிருந்து வினாத்தாள் தயாரிக்க பழைய மொனிட்டர், எச்டிஎம்ஐ வயர், கீபோர்ட், மவுஸ் போதும். தினமும் கழற்றிப் பாடசாலைக்குக் கொண்டுபோவோருக்கே டொக் உதவும். வாங்குமுன் பாருங்கள்: எல்லா சி போர்ட்டும் படம் அனுப்பாது.