கசிந்தது குடல், காரணம் இதயம்



தேக்காவை ஒட்டிய கண்டாங் கெர்பாவ் என்னும் இடப்பெயருக்கு மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்பது பொருள். 1860களில் சிங்கையின் பொது மருத்துவமனை அங்கேதான் இயங்கிற்று. 1882இல் அது சிப்பாய் லைன்ஸ் பகுதியில் நிலைபெற்றது. அக்காலத்தில் முதியவர் ஒருவர் மலத்தோடு குருதி இழந்து வெளிறினால், குடலின் உள்ளே அது எங்கிருந்து கசிகிறது என்று அறிய வழியில்லை. எக்ஸ்-கதிரே 1895இல்தான் கண்டறியப்பட்டது.

அத்தகைய கசிவுக்கு ஒரு காரணம், பெருங்குடலின் வலப்பகுதியில் உட்சவ்வுக்கு அடியில் விரிந்து நலிந்துபோன நுண்ணிய குருதிக்குழாய்கள். அவை வெளியிலிருந்து பார்த்தால் தெரியா, தொட்டாலும் புலப்படா. ஆகவே அறுவை மருத்துவர்கள் ஊகத்தால் குடலை வெட்டினர். சிலருக்குக் கசியும் பகுதியே உள்ளே தங்கிவிட்டது.

1960இல் மார்குலிசும் அவர்தம் குழுவினரும், அறுவையின்போதே குடலின் தமனியில் சாயம் செலுத்திப் படமெடுத்து, கோளாறான குழாய்களைக் கண்டனர். பின்னர் வயிற்றைத் திறவாமலே அவ்வாறு படமெடுக்கும் முறை வளர்ந்தது. கசியும் பகுதியை அறிந்து அகற்றுதல் இயன்றது. முதுமையில் இக்குழாய்கள் எவ்வாறு விரிகின்றன என்பதை 1977இல் போலி என்னும் மருத்துவர் விளக்கினார்.

ஆயினும், குடலை அகற்றிய பின்னரும் சிலருக்குக் குருதி நிற்கவில்லை. விடையின் நுனி 1958லேயே கிடைத்திருந்தது. இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியோருக்குக் குடற்கசிவும் நேர்வதை, அமெரிக்க மருத்துவர் ஹைடு ஒரு சிறு மடலில் எழுதியிருந்தார். அத்தகையோருக்குக் குடலை வெட்டுவதைவிட வால்வை மாற்றுவதே கசிவை நிறுத்துகிறது என்று 1987இல் வெளியான ஆய்வு காட்டிற்று. காரணமும் பின்னர்த் தெளிந்தது. குறுகிய வால்வின் வழியே குருதி விரைந்து பாய்கையில், அதனை உறையச் செய்யும் வான் வில்லிபிராண்ட் என்னும் புரதத்தின் நீண்ட இழைகள் சிதைகின்றன.

இன்று அகநோக்கிக் குழாயைச் செலுத்திக் கசியும் இடத்தைச் சுட்டு அடைப்பதே பெரும்பாலும் முதற்படி. குடலை வெட்டுதல் கடைசி வழி.

ஆசிரியர்களே, திருக்குறளின் மருந்து அதிகாரத்தை நடத்தும்போது இவ்வரலாற்றையும் சொல்லுங்கள். நோயைக் கண்டால் மட்டும் போதாது, அதன் மூலத்தையும் தேட வேண்டும் என்பது மாணவர் நெஞ்சில் பதியும். பெற்றோர்களே, வீட்டில் தாத்தாவோ பாட்டியோ காரணமின்றி வெளிறிச் சோர்ந்தால், மலம் கருத்தால் அல்லது அதில் குருதி தென்பட்டால், 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.