வில்லாந்திரி மாளிகையும் தோட்டங்களும்

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில், தூர் நகருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், ஷேர் ஆறு லுவாரில் கலக்கும் இடத்துக்கு அருகே அமைந்த மறுமலர்ச்சிக் கால மாளிகை வில்லாந்திரி. முதலாம் பிரான்சுவா மன்னரின் நிதித்துறையில் உயர்பதவி வகித்த ழான் லெ பிரெத்தோன் கட்டியது. 1536 அளவில் வேலை முடிந்தது. லுவார் கரையில் எழுந்த பெரிய மறுமலர்ச்சி மாளிகைகளின் வரிசையில் இதுவே கடைசி என்பார்கள். ஆயினும் உலகம் வில்லாந்திரியை அறிந்திருப்பது மாளிகைக்காக அல்ல, அதைச் சூழ்ந்த ஆறு ஹெக்டேர் தோட்டங்களுக்காகவே. குறிப்பாக, கோசும் பீட்ரூட்டும் செலரியும் கோலம் போட்டதுபோல் அணிவகுக்கும் அதன் காய்கறித் தோட்டத்துக்காக. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அப்படியே வந்து சேர்ந்தவைபோல் தோன்றும் இந்தத் தோட்டங்கள் உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தம்பதியர் உருவாக்கியவை. வில்லாந்திரியின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதியும் அதுதான்.

கொலம்பியே கோட்டை

இவ்விடத்தின் பழைய பெயர் கொலம்பியே. லெ பிரெத்தோனுக்கு முன்பே இங்கே ஒரு கோட்டை இருந்தது. 1189ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, பிரெஞ்சு மன்னர் பிலிப் ஒகுஸ்தின் முன் தோல்வியை ஒப்புக்கொண்டது கொலம்பியேயில்தான். ஹென்றியின் மகன் ரிச்சர்ட் அன்று எதிரியின் பக்கம் நின்றிருந்தான். நோயில் நொந்திருந்த ஹென்றி அங்கிருந்து ஷினோன் கோட்டைக்குத் திரும்பினார். தம்மைக் கைவிட்டவர்களின் பட்டியலில் செல்ல மகன் ஜானின் பெயரும் இருப்பதை அறிந்தார். ஜூலை 6 அன்று உயிர்விட்டார். பின்னாளில் வந்தவர்கள் பழைய கோட்டையை இடித்தபோது சதுரக் காவல் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். இன்றும் மாளிகையின் தென்மேற்கு மூலையில் அது நிற்கிறது.

லெ பிரெத்தோனின் மாளிகை

லெ பிரெத்தோன் 1532இல் இந்த நிலத்தை வாங்கினார். அதற்கு முன்பே ஷாம்போர் மாளிகைக் கட்டுமானத்தை மன்னருக்காக மேற்பார்த்தவர். தூதராக இத்தாலி சென்று அங்குள்ள தோட்டங்களை நேரில் கண்டவர். ஆகவே கட்டடக் கலையில் அவருக்கென்று தெளிவான ரசனை இருந்தது. முந்தைய தலைமுறையின் லுவார் மாளிகைகள் கோட்டைகளின் நினைவை அலங்காரமாகச் சுமந்தன: மூலைதோறும் கூம்புக் கோபுரங்கள், கைப்பிடிச் சுவரில் போருக்குப் பயன்படாத துளைகள். லெ பிரெத்தோன் இவற்றை ஒதுக்கினார். மூன்று பக்கங்களில் நேர்க்கோட்டுக் கட்டடம், நடுவில் முற்றம், ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கித் திறந்த நான்காம் பக்கம். தூரேன் பகுதியின் வெண்சுண்ணக் கல், கரும்பலகைக் கல் கூரை, கீழ்த்தளத்தில் வளைவு நடைகூடம், கல்சட்டமிட்ட உயர்ந்த சன்னல்கள். இவ்வளவுதான். பார்த்த கணத்திலேயே வியக்கவைக்கும் ஷாம்போரின் பிரம்மாண்டம் இதில் இல்லை. அளவு பிசகாத நிதானமே இதன் அழகு; அந்த வகையில் லுவார் மாளிகைகளில் இதற்கு ஈடு சொல்வது கடினம்.

1639இல் ஊரின் பெயர் வில்லாந்திரி என மாறியது. லெ பிரெத்தோனின் வழித்தோன்றல்கள் 1754 வரை மாளிகையை வைத்திருந்தார்கள்.

மாற்றங்களின் காலம்

1754இல் மாளிகையை வாங்கியவர் கான்ஸ்டான்டினோபிளில் பிரெஞ்சுத் தூதராக இருந்த காஸ்தெலான் பிரபு. பதினெட்டாம் நூற்றாண்டு மனிதர்களுக்கு வசதிதான் முதல் தேவை. பழைமை அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. காஸ்தெலான் செவ்வியல் பாணியில் துணைக் கட்டடங்களை எழுப்பினார். உள்ளறைகளைத் தம் காலத்து வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றினார். நடைகூட வளைவுகள் அடைபட்டன, கல்சட்டச் சன்னல்கள் மறைந்தன, அகழி தூர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு மாளிகையைப் பறிமுதல் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியன் இதைத் தம் தம்பி ஜெரோம் போனபார்ட்டுக்காக வாங்கினார்.

அதன்பின் வந்த உரிமையாளர்கள் காலத்தில் தோட்டம் ஆங்கிலப் பாணிக்கு மாறியது. வளைந்து செல்லும் பாதை, சரிவான புல்வெளி, இயல்பாக முளைத்தவைபோல் நட்ட மரங்கள் என்பதே அக்காலத்து ஐரோப்பா முழுவதற்கும் பிடித்த பாணி. பழைய நேர்க்கோட்டுத் தோட்டங்கள் அழகற்றவை, இயற்கைக்கு விரோதமானவை என்று கருதப்பட்டன. பிரான்சில் எத்தனையோ மாளிகைகளின் தோட்டங்கள் இப்படித்தான் அழிந்தன. வில்லாந்திரியிலும் மாளிகையின் வாசல்வரை பூங்கா வந்து முட்டியது.

கார்வாலோ தம்பதியர்

1906இல் வில்லாந்திரியை வாங்கிய ஜோவாகிம் கார்வாலோ கட்டடக் கலைஞரோ தோட்டக்கலை வல்லுநரோ அல்லர். 1869இல் ஸ்பெயினின் எஸ்த்ரெமதுரா பகுதியில் தோன் பெனித்தோ என்ற ஊரில் பிறந்து, பாரிசில் மருத்துவ ஆய்வாளராக இருந்தவர். 1913இல் நோபல் பரிசு பெறவிருந்த உடலியல் அறிஞர் ஷார்ல் ரிஷேயின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அதே ஆய்வுக்கூடத்தில்தான் ஆன் கோல்மனைச் சந்தித்தார். பென்சில்வேனியாவின் இரும்பு உருக்குத் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பத்தின் மகளான ஆன், தாமும் அறிவியல் பயின்றவர். திருமணத்துக்குப் பின் இருவரும் ஸ்பானிய ஓவியங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். அவற்றை வைக்க இடம் வேண்டியிருந்தது. வில்லாந்திரிக்கு வந்த பிறகு கார்வாலோ ஆய்வுப் பணியை முழுவதுமாக விட்டுவிட்டார்.

ஆன் கோல்மனின் பெயர் பல நூல்களில் கணவரின் பெயருக்குப் பின்னால் போகிறபோக்கில் வந்துபோகும். அது நியாயமில்லை. அவருடைய செல்வம் இல்லாமல் இந்தச் சீரமைப்பைத் தொடங்கியிருக்கவே முடியாது.

முதலில் கட்டடம். காஸ்தெலான் காலத்துச் சேர்க்கைகள் அகற்றப்பட்டன, அடைத்த வளைவுகள் திறக்கப்பட்டன, சன்னல்களுக்குக் கல்சட்டங்கள் திரும்பின, அகழி மீண்டும் தோண்டப்பட்டது. ஓர் அறையில் மட்டும் கார்வாலோ தம் தாய்நாட்டைக் கொண்டுவந்து வைத்தார். தொலேதோ பகுதியில் மக்கேதா பிரபுக்களின் பதினைந்தாம் நூற்றாண்டு அரண்மனை அப்போது பிரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்திருந்தது. இஸ்லாமியக் கைவினை மரபில் செய்த அதன் மரக் கூரைகளில் ஒன்றை வாங்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வண்ணமும் பொன்பூச்சும் கொண்ட மரத்துண்டுகளாகக் கொண்டுவந்து வில்லாந்திரியில் பொருத்தினார். அதே அரண்மனையின் வேறு கூரைகள் இன்று லண்டன், மாட்ரிட், சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகங்களில் உள்ளன. பிரெஞ்சு மறுமலர்ச்சி மாளிகையில் அந்தக் கூரைக்கு என்ன வேலை என்று கண்டிப்பான வரலாற்றாளர் கேட்கலாம்; ஆனால் அழியவிருந்த ஒரு கலைப்பொருள் அதனால் பிழைத்தது.

தோட்டங்களின் மறுபிறப்பு

1908 முதல் 1918 வரை தோட்ட வேலை நடந்தது. ஆங்கிலப் பூங்காவை அகற்றிவிட்டு, அதற்குமுன் என்ன இருந்தது என்பதற்கான தடயங்களைக் கார்வாலோ மண்ணிலும் பழைய நில வரைபடங்களிலும் தேடினார். மேட்டுத்தளங்களின் சுவர்கள், எல்லைக்கோடுகள் ஆகியவை ஓரளவு புலப்பட்டன. பாத்திகளின் உள்வடிவத்துக்கு வேறு சான்றுகள் தேவைப்பட்டன. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் சிறந்த மாளிகைகளையும் அவற்றின் தோட்டங்களையும் செதுக்குப்படங்களாகப் பதிவுசெய்த ஜாக் ஆந்த்ருவே து செர்சோவின் தொகுதிகள் அவருக்குக் கைகொடுத்தன. இடைக்கால மடாலயத் தோட்டங்களின் மரபும் துணைநின்றது. அலங்காரத் தோட்டத்தை வடிவமைக்க ஆந்தலூசிய ஓவியர் லொசானோவும் தோட்டக் கலைஞர் ஹவியேர் தெ வின்துய்சனும் உதவினார்கள்.

இதைப் புனரமைப்பு என்பதா, புதுப்படைப்பு என்பதா? இரண்டாவதே பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எல்லைகள் பழையவை, இலக்கணம் பழையது, எழுதியது கார்வாலோ. தடயங்களும் படங்களும் எவ்வளவுதான் வழிகாட்டினாலும், ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு முடிவை யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டும். அந்த முடிவுகளின் பின்னால் ஓர் உறுதியான நம்பிக்கை இருந்தது. தீவிரக் கத்தோலிக்கரான கார்வாலோவுக்கு நேர்க்கோடும் சமச்சீரும் வெறும் அலங்காரங்கள் அல்ல. உலகில் ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு என்பதைக் கண்ணுக்குக் காட்டும் வழி. இயற்கையைப்போல் நடிக்கும் பூங்காவை அவர் வெறுத்ததும் அதனால்தான்.

தோட்டங்கள் மூன்று தளங்களாக இறங்குகின்றன. மேலே நீர்த்தோட்டம்: பதினைந்தாம் லூயி காலத்துக் கண்ணாடி வடிவில் அமைந்த குளம், சுற்றிலும் புல்வெளி, லிண்டன் மரவரிசை. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு உரிய இந்தப் பகுதியைக் கார்வாலோ மறுமலர்ச்சிக் காலத்துக்குத் திருத்தாமல் அப்படியே ஏற்றுக்கொண்டார். இங்கிருந்துதான் நீர் கால்வாய் வழியே இறங்கி அகழியில் விழுகிறது.

நடுத்தளம் அலங்காரத் தோட்டம். மாளிகையின் வரவேற்பறைகளிலிருந்து நேராகப் பார்க்கும்படி அமைந்தது. சிறிய, கெட்டியான இலைகள் கொண்ட பாக்ஸ் செடியை வெட்டி வெட்டி வேலியாக்கி, உள்ளே பூச்செடிகள் நிரப்பியிருக்கிறார்கள். காதலின் நான்கு நிலைகள் நான்கு சதுரங்களில் வரையப்பட்டுள்ளன. கனிந்த காதலுக்குத் தீக்கொழுந்துகள் பிரிக்கும் இதயங்கள். வேட்கைக்கு உடைந்து சிதறிச் சுழலும் இதயங்கள். நிலையற்ற காதலுக்கு விசிறிகளும் காதல் கடிதங்களும், நடுவே வஞ்சகத்தின் நிறமான மஞ்சள் பூக்கள். துயரக் காதலுக்கு வாள், குத்துவாள் வடிவங்கள், கோடையில் குருதி நிறப் பூக்கள். பக்கத்தில் மால்டா, பாஸ்க், லாங்குதோக் சிலுவைகள். அப்பால் இசைக்கருவிகளை உருவகிக்கும் மற்றொரு பகுதி. அருகில் நின்று பார்த்தால் இவை குட்டைவேலிகளாகவே தெரியும். மேலே உள்ள காட்சிமேடைக்கு ஏறினால்தான் உருவங்கள் துலங்கும்.

கீழ்த்தளம் காய்கறித் தோட்டம். சம அளவுள்ள ஒன்பது சதுரங்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வடிவக் கணிதம். பாதைகள் சந்திக்கும் இடங்களில் நீர்த்தொட்டிகள். பாத்திகளில் நிற்கும் ரோஜாச் செடிகள் தங்கள் நிலத்தைக் கொத்திய துறவிகளைக் குறிப்பதாக ஒரு பழங்கதை உண்டு. ஆண்டுக்கு இரண்டு நடவு: வசந்தத்தில் ஒன்று, கோடையில் மற்றொன்று. எட்டுத் தாவரக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் நாற்பது வகைக் காய்கறிகள் இடம்பெறுகின்றன. லீக்ஸின் நீலப்பச்சை, கோசின் ஊதா, காரட் இலையின் இளம்பச்சை என்று நிறத்துக்கு நிறம் பொருந்தவேண்டும். அதே சமயம் ஒரே குடும்பப் பயிர் ஒரே மண்ணில் அடுத்தடுத்து வராதபடி மூன்றாண்டுப் பயிர்ச்சுழற்சியும் கடைப்பிடிக்கவேண்டும். ஓவியமும் உழவும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் இந்த வேலையை ஆண்டுதோறும் புதிதாகத் திட்டமிடுகிறார்கள். பரங்கி, தக்காளி, மிளகாய் போன்ற அமெரிக்கப் பயிர்கள் லெ பிரெத்தோன் காலத்து ஐரோப்பாவுக்குப் புதியவை. இன்றைய பாத்திகளில் அவை தாராளமாக இருக்கின்றன. இந்தத் தோட்டம் அருங்காட்சியகப் பிரதி அல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பொதுமக்களுக்குத் திறப்பு

கார்வாலோ 1920இல் வில்லாந்திரியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். தனியார் மாளிகைக்குள் கட்டணம் செலுத்தி ஊரார் நுழைவது அன்று வழக்கத்தில் இல்லாதது. பராமரிப்புச் செலவைச் சமாளிக்கவும், இத்தகைய இடங்களைக் காக்கும் விருப்பத்தைப் பரப்பவும் அதுவே வழி என்று அவர் கண்டார். 1924இல் தனியார் வரலாற்று மாளிகைகளின் உரிமையாளர்களை ஒன்றுசேர்த்து ‘லா தெமூர் இஸ்தோரிக்’ என்ற சங்கத்தை நிறுவினார். நாடு முழுவதும் பல மாளிகைகளைக் காப்பாற்றிய இந்தச் சங்கம், தோட்டத்துக்கு நிகரான அவருடைய சாதனை. அது இன்றும் இயங்குகிறது. 1934இல் வில்லாந்திரி அரசின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1936இல் கார்வாலோ காலமானார்.

இன்றைய நிலை

மாளிகை அதே குடும்பத்திடம் உள்ளது. பேரன் ரொபேர் கார்வாலோவின் காலத்தில், 1970களில், மருந்துக்கும் சமையலுக்கும் உதவும் செடிகளைக் கொண்ட மூலிகைத் தோட்டம் சேர்ந்தது. ஜோவாகிம் எண்ணியும் நிறைவேற்றாமல் விட்ட ஒரு திட்டத்தின் அடிப்படையில், தோட்டக் கலைஞர்கள் லூயி பெனெக்கும் அலிக்ஸ் தெ சான் வெனானும் வடிவமைத்த சூரியத் தோட்டம் 2008இல் திறக்கப்பட்டது. இப்போது கொள்ளுப்பேரன் ஆன்ரி கார்வாலோ பொறுப்பில் இருக்கிறார். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் லுவார் பள்ளத்தாக்கைச் சேர்த்தபோது வில்லாந்திரியும் அதனுள் அடங்கியது.

சுமார் பத்துத் தோட்டக்காரர்கள் இங்கே பணிபுரிகிறார்கள். பாக்ஸ் வேலியின் மொத்த நீளம் 52 கிலோமீட்டர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிண்டன் மரங்களைக் குளிர்காலத்தில் ஒவ்வொன்றாகக் கவாத்து செய்யவேண்டும். ஆண்டுதோறும் நடும் பூ, காய்கறி நாற்றுகள் சுமார் 1,15,000. அவற்றில் பாதி மாளிகையின் பசுமைக்குடில்களிலேயே வளர்கின்றன. 2009 முதல் காய்கறித் தோட்டம் இயற்கை வேளாண்மை முறையில் பராமரிக்கப்படுகிறது. களையைக் கையால் பறிக்கிறார்கள். பூச்சிகளுக்கு அவற்றின் இயற்கை எதிரிகளைக் கொண்டு தீர்வு காண்கிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியில் நடக்கும் காய்கறித் தோட்ட விழாவில் தோட்டக்காரர்களே வருகையாளர்களிடம் தங்கள் வேலையை விளக்கிச் சொல்கிறார்கள்.