சென்னை சிட்டி கால்பந்துக் கழகம்: 7–1 தோல்வியும் ஐ-லீக் பட்டமும்

சென்னை சிட்டி கால்பந்துக் கழகம், பெயரில் சென்னையைக் கொண்டிருந்தாலும் கோயம்புத்தூரைத் தன் ஊராக்கிக்கொண்டு ஆடிய அணி. 2018–19 ஐ-லீக் போட்டியில் வாகை சூடி, அப்பட்டத்தை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி ஆனது. அதற்கு முந்தைய பருவத்தில், 2018 பிப்ரவரி 24 அன்று, இதே அணி கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் 7–1 என்ற கோல் கணக்கில் தோற்றிருந்தது. அந்தத் தோல்விக்கும் பட்டத்துக்கும் இடையே ஓராண்டும் சில நாட்களுமே உள்ளன. அவ்வளவு குறுகிய காலத்தில் ஓர் அணி இப்படி மாறுவது களத்தில் மட்டும் நடக்கிற காரியமல்ல. அணியை நடத்துபவர்கள் எடுத்த முடிவுகளும் இந்த வரலாற்றின் பகுதியே.

கோவைக்கு வந்த அணி

2016–17 பருவத்தில் மினர்வா பஞ்சாப் அணியோடு சென்னை சிட்டியும் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்க்கப்பட்டது. முதல் பருவத்தைச் சென்னையில் ஆடியது. தொடக்கமே தடுமாற்றம்தான். பருவத்தின் நடுவில் பயிற்சியாளர் ராபின் சார்லஸ் ராஜாவிடமிருந்து வி. சௌந்தரராஜனுக்குப் பொறுப்பு மாறியது. சென்னையில் இந்தியன் சூப்பர் லீக் அணியான சென்னையின் எஃப்சி ஏற்கெனவே ரசிகர்களைச் சேர்த்து வைத்திருந்தது. 2017–18 பருவத்தில் சென்னை சிட்டி கோவை நேரு விளையாட்டரங்கத்துக்கு இடம்பெயர்ந்தது.

கோவையின் விமான நிலையம் பீளமேட்டில் இருப்பதால், விமானத்தில் வரும் வெளியூர் அணிகள் கால்வைக்கும் முதல் இடம் அதுவே. அங்கிருந்து அவிநாசி சாலையில் மேற்கே சில கிலோமீட்டர் போனால் நகரின் நடுப்பகுதியும் விளையாட்டரங்கமும் வந்துவிடும். பீளமேட்டை விளையாட்டு உலகம் அறிந்தது பெரும்பாலும் கூடைப்பந்தால்தான்; பி.எஸ்.ஜி. கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி அதற்குச் சான்று. கூடைப்பந்துக்குப் பெயர்பெற்ற ஊரில், வேறு ஊரின் பெயரோடு ஒரு கால்பந்து அணி வேர்விட வேண்டியிருந்தது.

கொல்கத்தாவில் இரண்டு ஆட்டங்கள்

2017–18 பருவத்தில் சென்னை சிட்டி கொல்கத்தாவில் கண்ட இரண்டு முடிவுகள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. 2018 ஜனவரி 2 அன்று மோகன் பகான் அணியை 2–1 என்று வீழ்த்தியது. அந்தத் தோல்வியை ஏற்று மோகன் பகான் பயிற்சியாளர் சஞ்சய் சென் பதவி விலகினார். 2015இல் அதே அணிக்கு ஐ-லீக் பட்டத்தை வென்று தந்தவர் அவர். கொல்கத்தாவில் ஒரு தோல்விக்கு என்ன விலை என்பதை இது காட்டும்.

ஏழு வாரங்கள் கழித்து ஈஸ்ட் பெங்காலைச் சந்தித்தபோது நிலைமை தலைகீழானது. நைஜீரிய முன்கள வீரர் டுடு ஒமக்பெமி மட்டும் நான்கு கோல் அடித்தார். பருவம் முடியப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. பத்து அணிகள் கொண்ட பட்டியலில் சென்னை சிட்டி 18 ஆட்டங்களில் 19 புள்ளிகளோடு எட்டாம் இடத்தில் முடித்தது.

நிர்வாகத்தின் பொறுப்பு

ஐரோப்பியக் கழகங்கள் பலவற்றில் பொது மேலாளர் அல்லது விளையாட்டு இயக்குநர் என்று ஒருவர் இருப்பார். வீரர்களை வாங்குவது, பயிற்சியாளரைத் தேர்வது, சம்பளக் கணக்கு ஆகியவை அவர் கையில் இருக்கும். ஆடும் பதினொருவரை முடிவு செய்வது பயிற்சியாளரின் வேலை. இந்தியாவின் சிறிய கழகங்களில் மேலாளரின் சுமையில் பெரும்பங்கு உரிமையாளர் தலையிலேயே விழுகிறது. சென்னை சிட்டியில் அப்படி முன்நின்றவர் அதன் உரிமையாளர் ரோஹித் ரமேஷ்.

பெருந்தோல்விக்குப் பின் நிர்வாகம் பதறாமல் இருந்தும் பலன் கண்ட கழகங்கள் உண்டு. 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் சொந்த மைதானத்திலேயே லெஸ்டர் சிட்டியிடம் 9–0 என்று தோற்றது. பயிற்சியாளர் ஹாசன்ஹூட்டலை நீக்கவில்லை. அந்தப் பருவத்தை அணி 11ஆம் இடத்தில் முடித்தது. சென்னை சிட்டி சென்ற வழி வேறு. பருவம் முடிந்தபின் அணியின் ஆட்டமுறையையே அது மாற்றியது.

புதிய பருவத்துக்குச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணியைப் பயிற்றுவித்த அனுபவம் அவருக்கு உண்டு. பந்தைத் தன்வசம் வைத்துக் குறுகிய கடவுகளால் முன்னேறும் ஆட்டம் அவருடையது. அதற்கேற்ற வெளிநாட்டு வீரர்களைக் கழகம் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்தது. பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் பெரிய பெயர்களாக வந்தவர்கள் அல்லர். ஒரே கால்பந்துப் பள்ளியிலிருந்து வந்ததால், ஒருவர் நகர்வு மற்றவருக்குப் புரிந்தது. ஒரே சமயத்தில் இத்தனை பேரை ஒரே நாட்டிலிருந்து எடுத்தது துணிச்சல்தான். பிசகியிருந்தால் பழி முழுவதும் நிர்வாகத்தின் மேல் விழுந்திருக்கும்.

இழப்பும் இருந்தது. முந்தைய பருவத்தில் மிளிர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்து நடுக்கள வீரர் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். ஆயினும் எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழக வீரர்கள் நீடித்தனர். கோவை மைதானத்தையும் கழகம் விடவில்லை.

ஒரு புள்ளி

2018 அக்டோபர் 26 அன்று கோவையில் நடந்த தொடக்க ஆட்டத்தில் இந்தியன் ஏரோஸ் அணியை 4–1 என்று வென்றது. மான்சி ஹாட்ரிக் அடித்தார். ஏழு கோல் வாங்கிய அதே ஈஸ்ட் பெங்காலை அந்தப் பருவத்தின் இரு சந்திப்புகளிலும் வென்றது. பட்டக் கணக்கை இந்த இரண்டு வெற்றிகளே தீர்மானித்தன என்று சொல்லலாம்.

2019 மார்ச் 9, கடைசி நாள். கோவையில் மினர்வா பஞ்சாப் மூன்றாம் நிமிடத்திலேயே கோல் போட்டது. கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை எதிர்த்து ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே அது வென்று இங்கே சென்னை சிட்டி வெல்லாமல் போனால், பட்டம் நழுவியிருக்கும். இடைவேளைக்குப் பின் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பின்கள வீரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். முடிவு 3–1. ஈஸ்ட் பெங்காலும் அன்று வென்றது. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. மான்சி 21 கோல்களோடு, சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவுக்கு இணையாக, அதிக கோல் அடித்தவர் வரிசையில் முதலிடம் பெற்றார்.

பின்னர்

அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் கழகம் சென்னை சிட்டியில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்தை அணி அகமதாபாத்தில் ஆடி, பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 1–0 என்று தோற்றது. 2020–21 ஐ-லீக் பெருந்தொற்றுக் காரணமாக முழுவதும் மேற்கு வங்கத்திலேயே நடந்தது. 2021–22 ஐ-லீக்கில் ஆடிய அணிகளில் சென்னை சிட்டி இல்லை.