முதல் பிழையைத் தேடும் தொழில்

ஊவாத் தேயிலையின் குறை கோப்பையில்தான் தெரியவரும். அது பிறந்த இடம் பெரும்பாலும் வெகு முன்னால் இருக்கும். வெலிமடைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாடி, ரோலரில் உருண்டு, புளித்து, சூட்டில் காய்ந்து, சலிக்கப்பட்டுத் தூளாகிறது. வாட்டம் பிசகிவிட்டால் பிற்பாடு எவ்வளவு கவனம் எடுத்தும் பயனில்லை. அதனால் டீ மேக்கர் ருசியிலிருந்து பின்னோக்கித்தான் காரணம் தேடுவார். மூலநிரலைக் கம்பைல் செய்து ஓடும் மென்பொருளாக்கும் வேலையிலும் பிழை இப்படிப் பின்னோக்கித்தான் தேடப்படுகிறது. மென்பொருள் கட்டும் இந்த வேலைக்கென வந்த கட்டளைவரிக் கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு வகைப் பிழையை ஒழித்தன. மிஞ்சிய பிழைகளையோ, அவை தலைகாட்டும் இடத்திலிருந்து இன்னும் தொலைவுக்குத் தள்ளின. ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆகியும் பிழை தேடும் கலை வழக்கொழியாததற்கு இதுவே காரணம் என்பேன்.

1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுவதையும் பிழையே இல்லாத நிரலில் பிழை தேடிச் செலவழித்தார். நிரலைத் திருத்தியாகிவிட்டது, திருத்திய கோப்பு மட்டும் மறுபடி கம்பைல் ஆகவில்லை. பழைய கோப்புத்தான் இணைப்பில் சேர்ந்துகொண்டிருந்தது. அந்த எரிச்சலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், அதே அவதியைத் தாமும் பட்டிருந்தவர், ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்பது அதுவரை நிரலாளரின் நினைவில் மட்டுமே இருந்தது. ‘மேக்’ அதை எழுத்தில் வைக்கச் சொன்னது. கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, பழசாகிப்போனதை மட்டும் மறுபடி கட்டியது. ஜான்சனை வாட்டிய பிழை ஒழிந்தது. ஆனால் புதிய பிழையொன்று வந்து சேர்ந்தது. கட்டளை வரி ‘டேப்’ எழுத்தோடு தொடங்க வேண்டும். எட்டு இடைவெளிகள் போட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கருவியோ ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்று நின்றுவிடும். ஃபெல்ட்மனுக்கு இந்தக் குறை சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டசின் பேர் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைச் சிரமப்படுத்த அவர் விரும்பவில்லை. அந்தச் சிலருக்குக் காட்டிய தாட்சண்யத்தின் விலையை இன்றுவரை எல்லோரும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

யூனிக்ஸ் இயங்குதளம் பல கிளைகளாகப் பிரிந்தபோது அடுத்த சிக்கல் எழுந்தது: ஓர் இயந்திரத்தில் கம்பைல் ஆவது மற்றொன்றில் ஆகவில்லை. 1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ‘ஆட்டோகான்ஃப்’ இதற்கு வழி கண்டது. அது உருவாக்கித் தரும் ‘கான்ஃபிகர்’ நிரல், சிறுசிறு சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து பார்த்து இயந்திரத்தின் இயல்பை அறிந்துகொள்ளும். இலங்கையும் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தது. 2003இல் சஞ்சீவ வீரவரண முன்னின்று தொடங்கிய லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் வட்டத்திலிருந்து அப்பாச்சி திறமூலத் திட்டங்களுக்குப் பெரும் பங்களிப்பு போனது. இணையச் சேவைகளுக்கான ‘ஆக்சிஸ்2/சி’ அவற்றில் ஒன்று. அதைக் கட்டுபவர் எக்ஸ்எம்எல் படிக்க ‘லிப்எக்ஸ்எம்எல்2’ நூலகத்தையோ, இங்கே பிறந்த ‘குத்தில’வையோ தேர்ந்தெடுக்கலாம். முன்னதைத் தேர்ந்தெடுத்தால் பழக்கமான பொறியொன்று காத்திருக்கும்: நூலகம் இயந்திரத்தில் இருக்கும், ஆனால் கம்பைலருக்கு வேண்டிய ஹெடர் கோப்புகள் தனிப் பொதியில் வருவதால் அவை இராது. கருவி ‘இல்லை’ என்னும். ஆள் ‘இருக்கிறதே’ என்பார். இருவர் சொல்வதும் உண்மை. திரையில் சுருக்கமாக வரும் செய்தியின் முழுக் காரணம் ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பில் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே கிடக்கும். ‘மேக்’ கடைசியாகச் சொல்லும் ‘எரர் 1’க்கு, கீழே ஏதோ தோற்றது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. ஒரே ஒரு ஹெடர் இல்லாமற்போனாலும் பிழைகள் பக்கம் பக்கமாகக் கொட்டும். அவற்றில் முதலாவதுதான் பெரும்பாலும் உண்மைப் பிழை.

இதெல்லாம் பழைய கருவிகளின் அவலட்சணம், புதியவை தேவையானதைத் தாமே இறக்கிக்கொள்ளும் என்று மறுப்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான், ஹெடர் தேடும் வேலை பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்பேட்’ என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்களின் திட்டங்களும் கட்ட முடியாமல் நின்றன. முன்பு பிழை அடுத்த கோப்பில் இருந்தது. இப்போது முன்பின் தெரியாத ஒருவரின் முடிவில் இருந்தது.

ஆயத்தப் பொதிகளை நிறுவுபவருக்கு இந்த அறிவு எதற்கு என்பது இதைவிட வலுவான மறுப்பு. 2024 இதற்குப் பதில் சொன்னது. ‘எக்ஸ்இசட்’ சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் களவுக் கதவொன்று வைக்கப்பட்டிருந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகள் எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதிக்குள் இருந்த கட்டுமான நிரலில் ஒளிந்திருந்தன. தொலைக் கணினிக்குள் போகும் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்து, அங்கிருந்து பின்னோக்கிப் போன ஆண்ட்ரெஸ் ஃப்ரோயண்ட் அதைக் கண்டுபிடித்தார். யாரும் வாசிக்காத இடம் என்பதால்தான் கள்வர் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள்.

பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானமும் கற்பிக்கப்படுகிறது. அங்கே மொழிகளும் அல்காரிதமும் கற்பது போலவே ஒரு கட்டுமானப் பதிவை முதல் பிழைவரை வாசிக்கவும் கற்க வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தும் அதைக் கட்டத் தெரியாதவர், மற்றவர் கட்டித் தருவதை நம்பியே வேலை செய்ய வேண்டியிருக்கும். ‘ஆக்சிஸ்2/சி’யை எழுதியவர்கள் அப்படி இருக்கவில்லை.