வாங்காத கடன்

தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு பொருள் உடையது. காலைக்கடன், நீர்க்கடன், நேர்த்திக்கடன் என வழங்குமிடங்களில் அது கடமையைக் குறிக்கும். பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளைக் குறிப்பது மற்றொன்று. புறநானூற்றில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களை வரிசைப்படுத்திய பாட்டு, கடமைப் பொருளில் இச்சொல் எத்துணைச் சிறப்புற ஆளப்பட்டது என்பதைக் காட்டும். ஆயின், ஒரே சொல் இரு பொருளையும் தாங்கி நிற்பதால் நம் மக்களுக்கு ஓர் இடரும் நேர்ந்திருக்கிறது என்பது என் கருத்து. "இது உன் கடன்" என்று எவரேனும் உரத்த குரலிற் சொல்லிவிட்டால், "யார் வாங்கியது? எப்போது வாங்கியது? எழுத்து எங்கே?" என வினவுமுன்னரே நம்மவர் தலை குனிந்துவிடுகிறது.

கேட்பதற்குரிய முறை நம்மிடம் இல்லாமலில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் பயிலாத தமிழாசிரியர் இரார். புத்தூரில் நம்பியாரூரரின் திருமணப் பந்தலுக்குள் முதியவர் ஒருவர் கையில் ஓலையுடன் வருகிறார். மணமகனின் பாட்டனார், தாமும் தம் வழிவருவோரும் அடிமை என எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது அவர் வழக்கு. பேரன் கையெழுத்திட்டதில்லை, அப்படி ஓர் ஓலை உண்டென்பதை அறிந்ததுமில்லை. சினந்து ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். "கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உளது" என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது.

அடியார்க்கு இது இறைவனின் அருட்செயல். வரலாறு பயில்வோர்க்கோ, சோழர் காலத்துத் தமிழர் வழக்காராய்ந்த முறையைக் காட்டும் அரிய சான்று. ஒரு கோரிக்கையை நிலைநாட்ட வழக்கத்தில் இருந்துவரும் அனுபோகம், எழுத்து ஆவணம், அயலார் சாட்சி என மூன்று வழிகள் அங்குப் பேசப்படுகின்றன. அவையோர் படியை ஏற்கவில்லை; மூலத்தைக் கேட்டனர். மூலம் வந்தபின் சாட்சியிட்டோரை அது தம் எழுத்துத்தானா என வினவினர். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து இரண்டையும் ஒப்பிட்டனர். தீர்ப்பு நம்பியாரூரருக்கு எதிராகவே அமைந்தது. ஆயினும் கேட்டவனே கணக்கனாகவும், அவனே நீதிபதியாகவும், அவனே தண்டிப்பவனாகவும் இருந்த கொடுமை அங்கில்லை. அந்தக் கொடுமையைக் காண நாம் கடல் கடந்து வரவேண்டும்.

பினாங்குத் தீவு 1786இல் பிரான்சிஸ் லைட்டின் கைக்கு வந்தது. அதற்கு எதிர்க்கரையான புரோவின்ஸ் வெல்லஸ்லி, இன்றைய செபராங் பிறை, 1800இல் சேர்க்கப்பட்டது. இரண்டும் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்கு உட்பட்டமையால், இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாதென விதித்த 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இங்கும் செல்லுபடியாயிற்று. ஓலை காட்டி ஒருவனை அடிமை என்று உரிமை கொண்டாடும் காலம் சட்டத்தின் முன் முடிந்தது. முடிந்த இடத்திலேயே கடன் வந்து அமர்ந்துகொண்டது. தஞ்சைத் தரணியின் பண்ணையாள், மிராசுதாரிடம் அப்பன் வாங்கிய நெல்லுக்காக உழைத்தான். அவனை அடிமை என்று எவரும் எழுதவில்லை, கடனாளி என்றுதான் எழுதினார்கள்.

மலாய் நாட்டிலும் இத்தகைய வழக்கம் வேரூன்றியிருந்தது. பேராக்கில் 'ஓராங் பெர்ஹூத்தாங்' எனப்பட்ட கடனாளி, தலைவனுக்கு உழைத்து வந்தாலும் அவ்வுழைப்பு கடனிற் கழிக்கப்படுவதில்லை. மனைவியும் மக்களும் அதே கட்டுக்குள் வந்தனர். பிறக்கும் பிள்ளை, தான் காணாத தொகைக்குப் பிறந்த நாள்முதலே பொறுப்பாயிற்று. 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கின் முதல் ரெசிடெண்டாகச் சென்ற பேர்ச், இவ்வாறு தப்பி ஓடிவந்தோருக்குப் புகலிடம் தந்தார். 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் அவர் கொலையுண்டதற்குப் பல காரணங்கள் உண்டு. வரி வசூல் பற்றிய பூசலும், அவரது முரட்டுப் போக்கும் அவற்றுள் அடங்கும். தலைவர்களின் சினத்தைக் கிளறியவற்றுள் இக்கடனடிமைச் சிக்கலும் ஒன்றென்பதை வரலாற்றாசிரியர் மறுப்பதில்லை. ஹியூ லோ ரெசிடெண்டாக இருந்தபோது, 1880களில் அவ்வழக்கம் பேராக்கில் ஒழிக்கப்பட்டது.

பேராக்கில் அதை ஒழித்த அதே வெள்ளையராட்சி, அண்டையிலிருந்த புரோவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களில் வேறொரு பெயரில் அதையே நடத்திக்கொண்டிருந்தது. நிபோங் திபால், பத்து காவான் வட்டாரக் கரும்புக் காடுகளுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தோர் 'சஞ்சிக் கூலிகள்'. கப்பற் கட்டணம், ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்சாப்பாடு, தரகன் கூலி அனைத்தையும் தோட்டத்துரை முதலில் செலுத்துவார். பின்னர் அவை கூலியாளின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஓடியவனுக்குச் சிறை. நோயுற்றுப் படுத்த நாளும் வேலைக்கு வராத நாளும் ஒப்பந்தத்தில் கழியாமையால், மூன்றாண்டு என்று எழுதியது மூன்றாண்டில் முடிவதில்லை.

இங்கு நாம் நின்று நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அத்தொழிலாளி எந்தப் பொருளை வாங்கினான்? கப்பலை அவன் கேட்கவில்லை. தரகனை அவன் அமர்த்தவில்லை. ஏட்டில் எழுதிய தொகை அவன் கையிற் புழங்கவுமில்லை. ஆள் வேண்டுமென்று அழைத்தவர் செய்த செலவு, வந்தவன் பட்ட கடனாக மாறிற்று. ஏடு கிராணியார் மேசைமீது இருந்தது. அவன் அதன் கீழே பெருவிரலை மை தொட்டு வைத்தான். வெண்ணெய்நல்லூரில் கேட்ட "மூலம் எங்கே?" என்ற கேள்வியை, எழுத்தறியாத அவன் எவ்வாறு கேட்பான்?

கங்காணி முறை வந்தபோது நிலைமை ஓரளவு மாறிற்று. அதன் சிக்கலோ கூடிற்று. கங்காணி அன்னியன் அல்லன். உறவுக்காரன், ஊர்க்காரன், சிலசமயம் மாமன் முறையுடையவன். தோட்டத்தில் முன்பணம் பெற்றுத் தன் ஊருக்குச் சென்று ஆள் திரட்டினான். வேட்டி, தட்டு, வழிச்செலவு, ஊரில் தீர்த்துவிட்ட சில்லறைக் கடன் எல்லாம் ஆள்தோறும் அவன் கணக்கில் ஏறின. தன் கீழ் வேலைக்கு இறங்கிய தலைகளுக்கேற்பத் தலைக்காசு பெற்றவனாதலால், ஆள்கள் தன்னைவிட்டு அகலாமை அவனுக்கு இன்றியமையாததாயிற்று. கடன் அவர்களைக் கட்டிய கயிறு. துரையிடம் முறையிடலாம், மாமனிடம் கணக்குக் கேட்பதெப்படி?

இதே காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கிய 'துண்டு' முறையை மாணவர்கள் ஒப்பிட்டுக் கற்றல் நன்று. ஒரு தோட்டத்தை விட்டு நீங்க விரும்பும் தொழிலாளிக்கு, இவ்வளவு ரூபாய் கட்டினால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. அதை ஏந்திக்கொண்டு அவனோ அவனுடைய கங்காணியோ வேறு தோட்டம் தேட வேண்டும். புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆளை எடுப்பார். கடன் தீரவில்லை, கடன்காரர் மட்டும் மாறினார். ஒரு கும்பல் முழுவதும் தோட்டம் மாறும்போது கடன்தொகை மேலும் பெருகியதேயன்றிக் குறையவில்லை. இறந்தவன் கடன் உறவினர் தலையிற் சுமத்தப்பட்டது. இந்தியாவிலிருந்து எழுந்த கண்டனங்களின் விளைவாக, 1921ஆம் ஆண்டின் 43ஆம் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதுவரை தொழிலாளர் பெயரிலிருந்த அக்கடன்களையும் செல்லாதனவாக்கிற்று. ஏடுகளில் ஆண்டாண்டாய் வளர்ந்த தொகைகள் ஒரு சட்டத்தால் இல்லாமற் போயின! போனபின் தேயிலைத் தொழில் வீழ்ந்துவிடவில்லை. தொழில் அக்கடனால் நிற்கிறது என்று அதுவரை வாதிட்டவர்க்கு இதைவிட விடை வேண்டுவதில்லை.

இலங்கையில் 1921இல் வந்த மாற்றம் மலாயாவில் சற்று முன்னரே வந்தது. 1907இல் தமிழர் குடிநுழைவு நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியத் தொழிலாளரை அமர்த்திய முதலாளிகள் யாவரும், தம்மிடம் அவர்கள் உழைத்த நாட்களின் கணக்குப்படி ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். கப்பற் செலவு அந்நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. ஆகவே பினாங்கில் இறங்கியவன் கடனின்றி இறங்கினான். ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து வேலையை விட்டு நீங்கவும் உரிமை பெற்றான். 1910இல் சஞ்சி ஆள்சேர்ப்பும் நிறுத்தப்பட்டது.

இதனைத் துரைமாரின் இரக்கமென்று எழுதிய நூல்களும் உண்டு. அதை ஏற்பதற்கில்லை. ரப்பர் விலை ஏறிய அக்காலத்தில், ஒரு தோட்டம் செலவு செய்து கொண்டுவந்த ஆளை அடுத்த தோட்டம் நாலு காசு கூட்டித் தந்து இழுத்துக்கொண்டது. செலவு செய்தவர் ஏமாந்தார், செய்யாதவர் பயனடைந்தார். எல்லாரும் கட்டினால் எவரும் ஏமாறமாட்டார் என்ற கணக்கே நிதியாக உருவெடுத்தது. கூலியாளின் தலையிலிருந்து சுமை இறங்கியது உண்மை. அது முதலாளிகள் தமக்குள் செய்துகொண்ட சமரசத்தின் பக்கவிளைவு. கப்பற்கடன் ஒழிந்த பின்னும் கடைக்கடன் ஒழியவில்லை. சம்பள நாளன்று கடைக்காரர் நோட்டுப் புத்தகத்துடன் நிற்பதும், அரிசிக்கும் கருவாட்டுக்கும் அவர் சொன்னதே தொகையாவதும் நீடித்தன. இந்திய அரசு 1938இல் உதவிபெற்ற ஆள்சேர்ப்பைத் தடைசெய்தபோதுதான் கங்காணி முறை முடிவுற்றது.

ஜார்ஜ்டவுன் பினாங்கு வீதியில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளைப் பற்றி ஒரு சொல். வட்டி வாங்கினர் என்று அவர்களைப் பொதுவில் இகழ்வாருண்டு. வட்டி பற்றிய வழக்கு எதுவாயினும், பேரேடும் பற்றுவரவும் ஐந்தொகையும் ஒழுங்குற எழுதிய மரபு அவர்களுடையது. கடன்பட்டவன் கையெழுத்து நோட்டில் இருக்கும். தீர்த்த அன்று நோட்டு அவனிடம் திரும்பும். எழுத்தை மதித்த அந்த ஒழுங்கு, தோட்டத்துக் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததில்லை.

இன்று கங்காணி இல்லை. ஆயின் வாங்காத கடனைக் கேட்டுவருவோர் ஒழியவில்லை. 'ஆ லோங்' என்று இந்நாட்டில் வழங்கப்படும் உரிமமற்ற வட்டிக்காரரின் ஆட்கள், கடன்பட்டவன் அடையாள அட்டையிலுள்ள பழைய முகவரியை வைத்துக்கொண்டு வந்து, அங்கே இப்போது குடியிருப்பவர் கதவில் சிவப்புச் சாயம் வீசுகின்றனர். தம்பி வாங்கியதற்கு அண்ணனை, முன்னாள் வாடகைக்காரர் வாங்கியதற்கு இந்நாள் வாடகைக்காரரைத் தொலைபேசியில் நாள்முழுதும் அழைக்கின்றனர். பலர் "ஐம்பது வெள்ளியைக் கொடுத்தாவது அனுப்பிவிடுவோம்" என எண்ணுகின்றனர். அதனினும் தீய வழி வேறில்லை. கொடுத்த ஐம்பது, கடனை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாக நிற்கும்; கொடுப்பவர் என்று தெரிந்த வீட்டுக்கு அவர்கள் மீண்டும் வருவர்.

சட்டம் இவ்விடத்தில் நம் பக்கமே நிற்கிறது. 1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டம், 2003இல் பெற்ற திருத்தங்களுடன், உரிமமில்லாதவர் கொடுத்த கடனை நீதிமன்றம் வழியே வசூலிக்க இடந்தருவதில்லை. உரிமம் பெற்றவரும் ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கும், ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி வாங்கலாகாது. கடன்பட்டவரை மிரட்டுவதும் தொல்லைப்படுத்துவதும் அச்சட்டத்தின்படியே குற்றம். 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பயனீட்டாளர் கடன் சட்டம், கடன் வசூலிக்கும் நிறுவனங்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவர வழிவகுத்துள்ளது. 1969 முதல் இத்தீவில் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இத்தகைய முறையீடுகளைக் கேட்டு வழிகாட்டும் இடங்களுள் ஒன்று.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கிய 1816ஐ இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் பிறப்பாண்டாகக் கொண்டாடுகிறோம். கரும்புக் காட்டுக்குக் கப்பலேறி வந்தவர்களை அவ்வகுப்பு எட்டவில்லை. தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டுமென்று தொழிலாளர் சட்டங்கள் விதித்தது இருபதாம் நூற்றாண்டில்தான். நாம் மாணவர்க்குக் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். விடுமுறை விண்ணப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும் எழுதுகின்றனர். ஆறாம் ஆண்டு வகுப்பில் இன்னொரு கடிதத்தையும் எழுதச் சொல்லலாம். மேலே நாள் இட வேண்டும். கேட்பவரின் பெயர், நிறுவனம், உரிம எண் ஆகியவற்றைத் தருமாறு கோர வேண்டும். கடன் ஒப்பந்தத்தின் நகலையும், அதில் கையெழுத்திட்டவர் பெயரையும், அடையாள அட்டை எண்ணையும் காட்டுமாறு கேட்க வேண்டும். "இக்கடனை நான் வாங்கவில்லை, இதற்கு ஜாமீனும் நிற்கவில்லை" என ஒரே வரியில் எழுத வேண்டும். இனி எதையும் எழுத்து மூலமே தெரிவிக்கக் கோரி, பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் அஞ்சலகச் சீட்டையும் வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். மிரட்டல் வந்தால் அவற்றுடன் காவல் நிலையம் சென்று புகார் செய்து, புகார் எண்ணைக் கடித நகலின் மேல் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.