சாறும் காற்றும்

நானுஓயாவில் நான் தமிழ் கற்பிக்கும் பள்ளியில், தேயிலை உருவாகும் விதம்பற்றிப் பத்தாந் தரத்து மாணவர் எழுதிய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தந்தை ஸ்டோரில் வேலைசெய்யும் மாணவி ஒருத்தி, “ரோதையில் அரைத்த கொழுந்தைக் காற்றுப் படும்படி மெல்லியதாகப் பரப்பி நொதிக்க விடுவார்கள்” என்று எழுதியிருந்தாள். நொதித்தல் என்பது ஒட்சிசன் இன்றி நடப்பது என விஞ்ஞானப் பாடத்தில் பயின்ற நினைவு எனக்கு. அடிக்கோடிட்டு இரண்டு புள்ளிகளைக் குறைத்தேன். “அப்பா அப்படித்தான் சொன்னார், சேர்” என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை. தகப்பனின் கைப்பழக்கமும் அச்சிட்ட புத்தகமும் முரண்படும்போது, நம் வகுப்பறைகளில் எது தோற்கும் என்பதை அந்தப் பிள்ளை அறிந்தே வைத்திருந்தாள்.

அந்த மௌனம் என்னை உறுத்திற்று. விடையைத் தேடினேன். தேயிலை நூல்களில் தொடங்கிய தேடல், இதே மலையில் வெள்ளைத் துரைமாருக்காகக் காய்ச்சப்பட்ட பியரின் வரலாற்றில் கொண்டுபோய்விட்டது. ‘நொதித்தல்’ என நாம் மொழிபெயர்த்துக்கொண்ட சொல் மது காய்ச்சுவோரின் தொழிற்சொல்லாக இருந்து தேயிலைக்கு வந்து சேர்ந்தது.

நைல் நதியின் ஊற்றைத் தேடிப் பின்னாளில் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களும் மாடுகளும் கருவிகளுமாக வந்து நுவரெலியாவில் பண்ணை அமைத்தார். இம்மலையில் முதன்முதல் பியர் காய்ச்சியவரும் அவரே என்பர். ஆண்டு 1849 எனக் குறிக்கப்படுகிறது. கோப்பித் தோட்டங்களுக்காக நம் மூதாதையர் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து, வழிநெடுக மாண்டுகொண்டிருந்த காலம் அது. 1881இல் சிலோன் புரூவரி தோன்றிற்று. 1885இல் ரயில் பாதை நானுஓயாவை எட்டிற்று. தண்ணீரும் குளிரும் இம்மலை தந்தவை. மால்ட்டும் ஹொப்சும் கடல் கடந்து வந்தவை. தொழிலாளிக்கு உரியதாக விடப்பட்டதோ தவறணைச் சாராயம். அதன் குத்தகைப் பணம் குடியேற்ற அரசின் வருமானத்திற் பெரும்பங்கு வகித்ததையும், உள்ளூரில் ஒரு முதலாளி வர்க்கத்தையே உருவாக்கியதையும் குமாரி ஜெயவர்த்தன விரிவாக எழுதியிருக்கிறார். பியர் ஆலை 1990களின் பிற்பகுதியில் பியகமவுக்குப் பெயர்ந்துவிட்டது.

பியர் உருவாகும் முறையைச் சற்று நின்று பார்ப்போம். முளைகட்டி உலர்த்திய பார்லியை இடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான சாறு கிடைக்கும். ஆங்கிலத்தில் வோர்ட் என்பது இதுவே. ஹொப்ஸ் பூக்களைச் சேர்த்து இதனை ஒரு மணி நேரமளவு கொதிக்கவைப்பர். கொதியில் கிருமிகள் மடிகின்றன. சாற்றில் கரைந்திருந்த காற்றும் வெளியேறிவிடுகிறது. ஆறிய சாற்றை அப்படியே மூடிவைத்து மதுவத்தை இட்டால், அது சில தலைமுறை பெருகிக் களைத்துவிடும். சர்க்கரை மீந்து, நொதித்தல் பாதியில் நின்றுபோகலாம். எனவே ஆறிய சாற்றுக்குக் காற்றூட்ட வேண்டும்.

முற்காலத் தொழிலாளர் இதனைக் காரணம் அறியாமலே செய்துவந்தனர். அகன்று ஆழம் குறைந்த தட்டங்களில் சாற்றைப் பரப்பி ஆறவிட்டனர். உயரத்திலிருந்து நுரைபொங்க ஊற்றினர். வீட்டில் பியர் காய்ச்சும் நாடுகளில் இன்றும் ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றுகிறார்கள். நம் தேநீர்க் கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை ஒத்த வேலைதான். (நம் நாட்டில் அனுமதிப்பத்திரமின்றிக் காய்ச்சுவது கலால் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) காலம் தவறினால் காற்றே பகையாகும். சூடாயிருக்கையில் பட்டால் சாறு கறுத்துச் சுவை கெடும். நொதித்து முடிந்தபின் பட்டால் பியர் பழவாடை கொள்ளும், புளிக்கவும் கூடும். சாறு ஆறியதற்கும் மதுவம் தன் வேலையில் இறங்குவதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதே காற்றுக்கு உரிய வேளை.

எவ்வளவு காற்று? கடல்மட்டத்தில், காற்றிலிருந்து ஒரு லீற்றர் சாறு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசனை ஏற்கும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான், எனவே கரையும் ஒட்சிசனும் அதே அளவிற் குறையும். எனினும் குளிர்ந்த நீர்மம் வாயுவை அதிகமாக ஏற்பதால், மலை எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியை மலையின் குளிரே திருப்பித் தந்துவிடுகிறது. கள்ளுக்கு இந்தக் கவலையே இல்லை. பாளையிலிருந்து திறந்த முட்டியிற் சொட்டும் பதநீர் கொதியைக் கண்டதில்லை; காற்றும் மதுவமும் தாமே வந்து சேர்ந்துவிடுகின்றன.

காரணத்தைத் தேடியவர்களுள் முதன்மையானவர் லூயி பாஸ்டர். 1870–71 போரில் ஜெர்மனியிடம் பிரான்சு தோற்ற பின்னர், ஜெர்மானியப் பியரை மிஞ்சவேண்டும் என்ற தேசிய வஞ்சினத்தோடு அவர் இத்துறையில் இறங்கினார். விஞ்ஞானம் எப்போதும் தூய ஆர்வத்தால் மட்டும் பிறப்பதில்லை! நொதித்தலைக் காற்றில்லா வாழ்வு என வரையறுத்தவர் அவரே. நம் பாடநூல் வாக்கியத்தின் மூலவேர் அங்கேதான் உள்ளது. ஆனால், நெடுநாள் காற்றின்றி வாழ்ந்த மதுவம் முதுமையுற்றுத் தளர்வதையும், சிறிது காற்றுப் பட்டதும் அதற்கு இளமை திரும்புவதையும் 1876இல் வெளியிட்ட பியர் ஆய்வு நூலில் அவரே எடுத்துக்காட்டினார். முதற் கூற்று பாடநூலில் ஏறிற்று. இரண்டாவது ஆலைகளோடு நின்றுவிட்டது.

இளமையின் இரகசியம் மேலும் முக்கால் நூற்றாண்டு கழித்தே வெளிப்பட்டது. காற்றின்றி வளரும் மதுவத்துக்கு எர்கோஸ்டெரோலையும் நிரம்பாக் கொழுப்பமிலத்தையும் வெளியிலிருந்து ஊட்டவேண்டும் என்று ஆண்ட்ரியாசன், ஸ்டியர் ஆகிய இருவரும் 1953, 1954ஆம் ஆண்டுகளில் காட்டினர். கலத்தின் மென்சவ்வு இவற்றாலேயே உறுதி பெறுகிறது. இவற்றைத் தானே ஆக்கிக்கொள்ள மதுவத்துக்கு ஒட்சிசன் தேவை. பொதிகளில் விற்கும் உலர்ந்த மதுவம் நிறைந்த காற்றில் வளர்க்கப்பட்டு இச்சேமிப்போடு வருவதால், முதல் முறைக்குக் காற்றூட்டல் பெரிதும் தேவைப்படுவதில்லை. ஒரு தடவை நொதித்து அடியிற் படிந்ததை எடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் ஆலைக்கே அது இன்றியமையாதது.

இனித் தேயிலைக்கு வருவோம். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலத்தில், கொழுந்து பங்களா விறாந்தையில் மேசைமீது கையாலேயே உருட்டப்பட்டது. உருட்டிய கொழுந்து நிறமும் மணமும் மாறுவதைக் கண்ட துரைமார், தமக்குப் பழக்கமான மதுத்தொழிலின் சொல்லையே அதற்கும் சூட்டினர். உண்மையில் அங்கே மதுவத்தின் வேலை எதுவும் இல்லை. இலையின் கலங்கள் நசுங்க, அதிலுள்ள நொதியமொன்று காற்றின் ஒட்சிசனைக்கொண்டு பொலிபீனோல்களை மாற்றுகிறது. அது ஒட்சியேற்றம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரசாயன அறிஞர் இதனைத் தெளிவுபடுத்தியும், பழைய பெயர் தொழிற்சாலைகளில் நிலைத்துவிட்டது. பியருக்குத் தொடக்கத்திலே சிறுபொழுது காற்று வேண்டும். கொழுந்துக்கோ சூட்டடுப்பிற் சேரும்வரை வேண்டும்.

மறுவாரம் அந்த மாணவியை அழைத்து இவற்றையெல்லாம் சொன்னேன். உன் அப்பா சொன்ன செயல் சரி, துரைமார் வைத்த பெயர்தான் பிழை என்றேன். அவள் சற்று யோசித்தாள். “அப்பா நொதிக்க என்று சொல்லவில்லை, சேர். அந்தச் சொல்லை நான்தான் புத்தகத்தில் பார்த்துப் போட்டேன். கொழுந்தைச் சிவக்க வைக்கிறது என்றுதான் அவர் சொன்னார்” என்றாள்.

கட்டுரையைத் திரும்ப வாங்கி, குறைத்த இரண்டு புள்ளிகளையும் போட்டுக் கொடுத்தேன்.